நினைவு பற்றாகுமா?

வீட்டில் முதியவர் ஒருவர் மறைந்துவிட்டால், பிற சமயத்தவர்க்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு சமணர்களாகிய நமக்கு உண்டு. அவர்கள் பிண்டம் வைக்கின்றனர். எள்ளும் நீரும் இறைக்கின்றனர். காக்கைக்குச் சோறிட்டு, அது வந்து கொத்தியதும் அம்மாவே வந்து உண்டதாக மனம் ஆறுகின்றனர். அது அவர்தம் நம்பிக்கை. அதனைக் குறைகூறுதல் நம் வேலையன்று. நமக்கு ஆசாரியர்கள் கற்பித்த பாடம் வேறு. உடலை விட்ட உயிர் நான்காம் சமயத்துக்குள் தன் அடுத்த பிறவியிடத்தை அடைந்துவிடுகிறது என்பது உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் உரைத்தது. ஈண்டுச் சமயம் என்பது கண்ணிமைப் பொழுதினும் எத்துணையோ மடங்கு நுண்ணிய காலக்கூறு. மருத்துவர் நாடி பார்த்துக் கையை விடுவதற்குள் நம் பாட்டியின் உயிர் எங்கோ ஒரு புதிய உடலை எடுக்கத் தொடங்கிவிட்டது. பிறகு யாருக்குச் சோறு? யாருக்கு நீர்?

இவ்விடத்தில் சிலர் திருக்குறளைக் காட்டுவர். இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவரில் தென்புலத்தாரை முதலில் வைத்தாரே வள்ளுவர் என்பர். பரிமேலழகர் உரையைப் பொறுமையாகப் படித்தவர்க்கு ஒன்று விளங்கும். அவர் தென்புலத்தார் என்பதற்குப் பிதிரர் என்று பொருள் கொண்டு, அப்பிதிரர் படைப்புக் காலத்தில் அயனால் படைக்கப்பட்ட ஒரு கடவுட்சாதி என்று விளக்குகிறார். அவருடைய உரைப்படியே பார்த்தாலும், அவர்கள் நம் வீட்டுப் பாட்டியரும் பாட்டன்மாரும் அல்லர். உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டென்று கொள்ளாத நமக்கு அவ்விளக்கம் எவ்வகையிலும் பொருந்தாது.

ஆகவே சோறிடுதல் இல்லை என்பதில் ஐயமில்லை. நினைத்தலும் இல்லையா என்பதுதான் என் வினா.

இவ்வினாவை எழுப்புவது சாத்திரமே. துன்புறுதல், வருந்துதல், அரற்றுதல் ஆகியவற்றைத் தனக்குள் விளைவித்தாலும், பிறரிடம் விளைவித்தாலும், இருபாலும் விளைவித்தாலும் துன்பம் தரும் அசாதா வேதனீய வினை வந்து கட்டும் என்கிறது அந்நூலின் ஆறாம் அத்தியாயம். சோகம் என்பதை மோகனீய வினையின் பகுதிகளுள் ஒன்றாகவே வைத்தனர் ஆசாரியர்கள். ஏழாம் அத்தியாயத்தில் இன்னும் கூர்மையான ஓரிடம் உண்டு. சல்லேகனை ஏற்றவர்க்கு நேரக்கூடிய ஐந்து குற்றங்களைச் சொல்லுங்கால், இன்னும் வாழ வேண்டும் என்று விழைதலையும் விரைவில் இறக்க வேண்டும் என்று விழைதலையும் முதலில் கூறி, அவற்றை அடுத்து நட்டாரிடத்து அன்பு கொள்ளுதலையும் முன் நுகர்ந்த இன்பங்களை எண்ணிப் பார்த்தலையும் குற்றங்களாகவே எண்ணுகிறார் ஆசிரியர். மறுமைப் பயனை வேண்டுதல் ஐந்தாவது. இறுதிப் படுக்கையில் கிடப்பவர் தம் மக்களையும் பழைய நாள்களையும் நினைத்தல் தவறென்றால், இருப்பவர்கள் அவரை நினைத்தல் மட்டும் எவ்வாறு அறமாகும்?

ஏட்டில் படித்ததனால் எழுந்த வினா அன்று இது. 2022ஆம் ஆண்டில் என் மாமியார் தம் 97ஆம் வயதில் மறைந்தார். அம்பத்தூரில் எங்கள் தெரு முழுவதற்கும் அவர் 'ஆயா'. வந்தவாசிக்கு அருகே ஒரு சிற்றூரில் 1925இல் பிறந்து, 16 வயதில் மணமாகி, 39 வயதில் கணவரை இழந்து, 1967இல் மூன்று பிள்ளைகளோடும் ஒரு தகரப் பெட்டியோடும் பேருந்தேறிச் சென்னைக்கு வந்தவர். 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியதும், 1965இல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலரை இப்பக்கம் இழுத்தன. மூத்தவர் ஆவடியிலும் என் கணவர் தொழிற்பேட்டையிலும் வேலைக்கு அமர்ந்தனர். (அகிம்சையைக் குலதர்மமாகக் கொண்ட வீட்டுப் பிள்ளை போர் டாங்கி செய்யப் போகலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டாராம். நாட்டைக் காக்கும் பொருட்டு நேரும் விரோதி இம்சை இல்லறத்தானுக்கு விலக்கப்பட்டதன்று என்று ஆயா பதில் சொன்னதாக என் கணவர் கூறுவார். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர் அவர்!)

இறுதி மாதத்தில் அவர் சொன்ன ஒரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. அவர் முறைப்படி சல்லேகனை விரதம் ஏற்றவரல்லர். முனிவர் எவரும் அருகில் இலர். இயன்ற அளவு கஞ்சி அருந்திக்கொண்டு, தெளிவான அறிவோடு படுத்திருந்தார். திண்டிவனத்திலிருந்து வந்த என் நாத்தனார் தாயின் அருகே அமர்ந்து, பழைய நாள்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லத் தொடங்கினார். மேல்சித்தாமூர்த் தேருக்கு மாட்டு வண்டியில் போனது, வழியில் அச்சு முறிந்தது, நள்ளிரவில் நடந்தது என்றெல்லாம் சொல்லி, "நினைவிருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். ஆயா சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அதெல்லாம் போதும் கண்ணு. நமோகாரம் சொல்லு" என்றார்.

நாத்தனார் சொன்னார். குரல் உடையாமல் சொன்னார். பின்னர்ச் சமையலறைக்கு வந்து, "அண்ணி, அம்மா எங்களையெல்லாம் இப்போதே விட்டுவிட்டார்களா?" என்று கேட்டு அழுதார். 70 வயதைக் கடந்த பெண் தாயின் முன்னே சிறு குழந்தையாகி அழுதார். நான் என்ன விடை சொல்வது? சாத்திரப்படி ஆயா சொன்னது சரி. அதனினும் சரியான ஒன்றை அந்நிலையில் ஒருவர் சொல்ல முடியாது. ஆயினும் அந்த அழுகையை வெறும் மோகனீயம் என்று ஒதுக்கவும் என் நெஞ்சம் ஒப்பவில்லை.

பழைய காப்பியத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. கோவலன் கொலையுண்டதைக் கேட்ட கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார் என்பது சிலப்பதிகாரத்து நீர்ப்படைக் காதை தரும் செய்தி. துறவு பூண்ட ஒருவர், வழித்துணையாக வந்த இருவர்க்கு நேர்ந்த துயரினால் நோன்பு மேற்கொண்டாரெனில், அது நட்டாரிடத்துக் கொண்ட அன்பு அன்றோ? சூத்திரம் கூறும் குற்றம் அன்றோ? வகுப்பறையில் இப்பகுதியை நடத்திய ஆண்டுகளில் எல்லாம் இக்கேள்வி என்னை விட்டதில்லை. இளங்கோவடிகள் அவ்வடிகளைப் பெருமையோடுதான் நிறுத்துகிறார், ஓரிடத்தும் தாழ்த்தவில்லை.

பொன்னூர் மலையில் தவமிருந்தவர் என்று நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியர், பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளைப் பற்றித் தனி நூலே யாத்தார். அவற்றுள் ஒன்று அந்நியத்துவம். உடலும் நானல்லேன், தாயும் தந்தையும் மக்களும் என்னின் வேறாயவர், ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே சுமந்து தனித்தே செல்கிறது என்று மீள மீள எண்ணும் பயிற்சி அது. இதனைக் கேட்போர் பலர், சமணம் அன்பை அறுக்கச் சொல்லும் வறட்டுச் சமயம் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். நம் இளைஞர்களிலும் அப்படி எண்ணுவோர் இருக்கின்றனர். அவர்கள் அதே உமாசுவாமி ஐந்தாம் அத்தியாயத்தில், உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் இருத்தலே உயிர்களின் செயல் என்று கூறியதை மறந்துவிடுகின்றனர். பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி உருவான சமணச் சின்னத்தின் அடியில் பொறிக்கப்பட்டிருப்பதும் அந்தச் சூத்திரமே. தனித்திருத்தலும் உதவியிருத்தலும் ஆகிய இரண்டும் ஒரே நூலில் ஒரே ஆசிரியர் சொன்னவை. ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளுதல் ஏகாந்தம்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க எனக்குத் துணை நின்றது கௌதம சுவாமியின் வரலாறு. பகவான் பாவாபுரியில் வீடுபேறடைந்த நாளிலேயே கௌதமர் கேவலஞானம் பெற்றார் என்பது நம் மரபு. தீபாவளியன்று நாம் அதனை நினைவுகூர்கிறோம். பகவான்மேல் கொண்டிருந்த அளவற்ற அன்பே அதுவரை அவருடைய ஞானத்துக்குத் தடையாய் இருந்தது என்று சுவேதாம்பர மரபில் விரிவாகச் சொல்லப்படுகிறது. தீர்த்தங்கரர்மேல் வைத்த அன்பும்கூட விலங்குதான் என்னும் இச்செய்தி கேட்போரைத் திடுக்கிட வைப்பது. ஆனால் மறுபக்கத்தைப் பாருங்கள். அதே கௌதமர்தாம் கணதரராய் இருந்து, பகவானின் திவ்யத்தொனியை உளத்தில் தாங்கிப் பன்னிரண்டு அங்கங்களாகத் தொகுத்தவர். பின்வந்த ஆசாரியர்கள் பல நூற்றாண்டுகள் அவற்றை நெஞ்சிலேயே சுமந்தனர். நினைவாற்றல் குன்றிவரக் கண்ட தரசேன ஆசாரியர், எஞ்சியதைப் புட்பதந்தர், பூதபலி என்னும் இருவர்க்கும் கற்பித்தார். அவர்கள் அதனை எழுத்தில் வடித்தனர். அந்நூல் நிறைவுற்ற நாளே சுருதபஞ்சமி.

கௌதமரிடம் அறவேண்டியது அன்பின் பிணிப்பு. அவரிடம் அறாமல் நின்றது நினைவு. அந்நினைவு அறுந்திருந்தால் இன்று நமக்கு ஆகமம் என்று ஒன்றுமில்லை. விவாதிக்க இச்சூத்திரங்களும் இல்லை. எனவே பற்றும் நினைவும் ஒன்றல்ல என்பது தெளிவு. ஒன்றை விட்டு மற்றொன்றைக் காத்தல் இயலும் என்பதும் தெளிவு.

அவற்றை எவ்வாறு பிரித்தறிவது? இதற்கு நம் தருக்க நூலார் தரும் குறிப்பு வியப்பூட்டுவது. நையாயிகரும் மீமாம்சகரும் நினைவை அறிவுக்கருவியாக ஏற்பதில்லை. முன்பு அறிந்ததையே மீண்டும் அறிவதால் அது பிரமாணமாகாது என்பது அவர் துணிபு. சமணத் தருக்கிகளோ ஸ்மிருதியைப் பரோட்சப் பிரமாணங்களுள் ஒன்றாக வைத்தனர். அவருள் தலைசிறந்த அகளங்கதேவரைக் கரந்தை, திருப்பனமூர்ப் பகுதியோடு இணைத்துப் பேசும் மரபு நமக்கு உண்டு. அவர் வழிவந்த மாணிக்கியநந்தி, நினைவு என்பது 'அது' என்னும் வடிவில் எழும் அறிவு என்று இலக்கணம் கூறி, 'அந்தத் தேவதத்தன்' என்று எடுத்துக்காட்டும் தருகிறார்.

இலக்கணம் கற்பித்துக் காலங்கழித்தவளுக்கு இது பெருவிருந்து. நினைவு சுட்டெழுத்தோடு பேசுகிறது: அவர், அந்நாள், அச்சொல். பற்று ஆறாம் வேற்றுமையில் பேசுகிறது: என் அம்மா, எனது இழப்பு, என்னுடைய வெறுமை. ஒரே அழுகைக்குள் இரண்டும் கலந்தே வரும். கலந்து வருவதனால் ஒன்றாகிவிடா. 'அம்மா எங்களை விட்டுவிட்டார்களா' என்று நாத்தனார் கேட்டது வேற்றுமையுருபின் துயரம். வண்டியச்சு முறிந்த இரவில் ஆயா இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் அரிக்கேன் விளக்குமாக முன்னே நடந்தார் என்பதோ சுட்டு. அது உண்மை, நடந்தது, அறிவின் பாற்பட்டது. அதனை அறுக்க வேண்டும் என்று எந்த ஆசாரியரும் நமக்குக் கட்டளையிடவில்லை. நோன்பிலிருப்பவர் தம் கவனத்தைத் தம் உயிரின் பக்கம் திருப்புதற்கு இட்ட விதி, அடுப்பங்கரையில் நிற்கும் நம்மைக் கட்டுப்படுத்துவதன்று.

நம் முன்னோர் இறந்தாரை நினைவில் நிறுத்தாதவர் அல்லர் என்பதற்குக் கல்லே சான்று. செஞ்சிக்கருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஒரே பாறையில் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளதை நம்மில் பலர் கண்டு வணங்கியிருப்போம். அங்கே வட்டெழுத்தின் தொடக்க நிலையைக் காட்டும் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து முடித்த இடம் இது என்பதுதான் அதன் செய்தி. அதே குன்றில் இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததைக் கூறும் மற்றொன்றும் உண்டு. அவ்வளவே. அவர் எவ்வூரார், எக்குடியார், யார் யார் அழுதனர் என்னும் செய்தி ஏதும் இல்லை.

இதனைச் செங்கம் பகுதி நடுகற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவற்றில் எந்த மன்னன் ஆட்சியாண்டு, எவருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான் என்னும் விவரங்கள் இருக்கும். எடுத்தனூரில் கள்வரைக் கடித்துத் தலைவனோடு நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்தனர். (நாயைப் பெயர் சொல்லி நினைத்த அந்த ஊராரை, உயிரிரக்கம் பேசும் நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.) நடுகல் வீரனை வழிபடு பொருளாக்குகிறது. நிசீதிகை அவ்வாறு செய்யவில்லை. ஒருவர் என்ன மேற்கொண்டார், எத்தனை நாள் தாங்கினார் என்று பதிவு செய்து நின்றுவிடுகிறது. சுட்டு மட்டுமே அங்கே உண்டு, வேற்றுமையுருபு இல்லை.

வந்தவாசி வட்டத்து வேடலில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கல்வெட்டும் எனக்கு மிக உவப்பானது. கனகவீரக் குரத்தியார் என்னும் பெண்துறவியையும் அவரிடம் பயின்ற 500 மாணாக்கியரையும் அது குறிப்பிடுகிறது. அவர்களுக்கும் வேறு 400 பேர்க்கும் இடையே பூசல் உண்டானதையும், ஊரார் முன்வந்து குரத்தியாரையும் மாணாக்கியரையும் காத்து உணவளிக்க ஒப்புக்கொண்டதையும் அது மறைக்கவில்லை. இன்று நாம் நினைவு மலர் அச்சிட்டால் அந்தப் பூசலைத்தான் முதலில் அடித்துவிடுவோம்.

நினைவு மலர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆயாவின் ஓராண்டு நிறைவுக்குப் பெயரன் எட்டுப் பக்க மலர் ஒன்று எழுதி, மெய்ப்புத் திருத்த என்னிடம் தந்தான். "கோபமே அறியாதவர், எவரையும் கடிந்து பேசாதவர்" என்று முதற்பக்கத்தில் இருந்தது. 1972இல் அவ்வீட்டில் மருமகளாய்க் கால்வைத்த நான் அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உப்பு மிகுந்த குழம்புக்காக அவர் கடிந்த சொற்கள் ஐம்பது ஆண்டு கடந்தும் என் காதில் இருக்கின்றன! நினைவை அறிவுக்கருவி என்று ஏற்றவர்கள் அதில் பொய் கலத்தல் தகுமா? பிரமாணத்தில் பிழை புகுந்தால் அது பிரமாணாபாசம் ஆகிவிடும் என்பதும் அதே தருக்க நூலார் கூறியதன்றோ?

உப்புக் கதை சிரித்துவிட்டுப் போகக்கூடியது. சிரிக்க இயலாத ஒன்றும் இருந்தது. ஆயா தம் மகளை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார். உயர்நிலைப் பள்ளி நெடுந்தொலைவில் இருந்தது. கணவர் உடல் நலம் குன்றியிருந்தார். வயதுவந்த பெண் தனியே நடந்து போவதா என்றனர் ஊரார். காரணங்கள் இருந்தன. ஆயினும் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கிய சிறுமி வீட்டோடு இருந்துவிட்டாள் என்பது உண்மை. சில ஆண்டுகளில் அதே ஆயா, ஆசிரியப் பயிற்சி முடித்த மருமகளாகிய என்னை வேலைக்கு அனுப்பிவிட்டு, என் பிள்ளைகளைத் தம் மடியில் வளர்த்தார் என்பதும் உண்மை. மலரில் இரண்டாவதை மட்டும் எழுதினால் போதுமா?

இல்லறத்தார்க்குரிய வாய்மை விரதத்தைச் சொல்லும்போது சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் ஒரு வரம்பு வகுத்தார். பொய் சொல்லாதிருத்தல் மட்டுமன்று. பிறர்க்குக் கேடு விளைக்கும் உண்மையையும் சொல்லாதிருத்தல் வேண்டும். ஆகவே இதனை முடிவு செய்ய வேண்டியவர் அவ்வுண்மையால் புண்படக்கூடியவரே. பெயரன் அத்தையிடமே கேட்டான். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எழுது. ஆனால் அண்ணன் பெண்கள் கல்லூரியில் சேர வேண்டும் என்று அம்மா மூன்று நாள் பிடிவாதமாய் இருந்ததையும் எழுது. எனக்குச் செய்யாததை உணர்ந்துதான் அவர்களுக்குச் செய்தார். என்னிடம் அதை அவர் வாய்திறந்து சொன்னதில்லை, எனக்குத் தெரியும்" என்றார். மலர் அவ்வாறே வெளிவந்தது. உறவினர் சிலர்க்கு அது பிடிக்கவில்லை. இறந்தவர் குறையைப் பேசலாமா என்று கேட்டனர்.

பேசலாம் என்பதே என் துணிபு. யசோதர காவியத்தை நமக்குத் தந்தவர்கள் அவ்வாறே எண்ணியிருத்தல் வேண்டும். மகன்மேல் அளவற்ற அன்பு கொண்ட சந்திரமதி, தீக்கனவின் விளைவை விலக்க, உயிர்ப்பலிக்கு மாற்றாக மாவினால் செய்த கோழியைப் பலியிடும்படி அரசனாகிய மகனைத் தூண்டினாள். தாய் சொல் என்று மகன் இசைந்தான். அந்த எண்ணத்தின் வினை இருவரையும் விலங்குப் பிறவிகளில் மாறி மாறி உழலச் செய்தது. பின்னர் அபயருசி, அபயமதி என்னும் மக்களாய்ப் பிறந்து பழம்பிறப்பை நினைவுகூர்ந்து, அதனை மறைக்காமல் எடுத்துரைத்ததனாலேயே கேட்ட அரசனும் திருந்தினான். தாயின் பிழையை மகன் மறைத்திருந்தால் காவியமே இல்லை. அன்பினால் சொல்லப்பட்டது என்பதனாலேயே ஒரு சொல் அறமாகிவிடாது என்னும் பாடத்தைப் பாட்டியரைப் பற்றி எழுதும் நாம் மறத்தலாகாது.

மேலும், 97 ஆண்டு வாழ்வு ஒரே பொருளன்று. திரவியம் நிலைத்திருக்கப் பரியாயங்கள் தோன்றி மறைகின்றன என்று பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பொன் காப்பாகவும் சங்கிலியாகவும் மாறும் எடுத்துக்காட்டைக் கூறுகிறோம். அதனை நம் வீட்டு மூதாட்டியிடம் பொருத்திப் பார்ப்பதில்லை. மகளை நிறுத்திய ஆயா ஒரு பரியாயம்; பேத்தியரைப் படிக்கவைத்த ஆயா ஒரு பரியாயம்; கடிந்தவர் ஒருவர்; இறுதியில் 'போதும் கண்ணு' என்றவர் ஒருவர். நெடுநாள் வாழ்ந்தவரை நினைத்தல் கடினம். ஏனெனில் கடைசி இருபது ஆண்டுகளின் நரைத்த உருவம் முன்னைய உருவங்களை எல்லாம் மறைத்துவிடுகிறது. கொள்ளுப்பேரன் கைப்பேசியில் பதிந்து வைத்துள்ள நடுங்கும் குரலே இனி வருவோர்க்கு ஆயாவின் குரல். என் கணவர் கேட்டு வளர்ந்த குரல் எந்தக் கருவியிலும் இல்லை.

படத்தைப் பற்றியும் ஒரு வாக்குவாதம் எழுந்தது. சட்டமிட்ட படத்தைப் பூசை அறையில் ஆதிநாதர் படத்தருகே மாட்ட வேண்டும் என்றனர் இளையவர். அன்புதான் காரணம். ஆனால் வினை வென்ற ஜினரின் அருகே, வினையோடு பிறவியைத் தொடரும் உயிரின் படத்தை வைத்து இரண்டுக்கும் ஒரே மலர் சாத்துதல் நற்காட்சிக்கு ஒவ்வாது. ஆயாவே உயிரோடிருந்தால் கழற்றி எறிந்திருப்பார். கூடத்தில், தண்ணீர்க் குடம் வைக்கும் மேடைக்கு எதிரே மாட்டியிருக்கிறோம். மாலை இல்லை.

தண்ணீர் மேடைக்கு எதிரே மாட்டியதற்குக் காரணம் உண்டு. நீரை இரட்டைத் துணியில் வடிகட்டி அருந்துதல் நம் மரபு. வடிகட்டிய துணியில் தங்கும் நுண்ணுயிர்களை, அந்நீர் எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அங்கேயே திரும்பச் சேர்த்தல் அதன் மறுபாதி. அப்பாதியைப் பெரும்பாலோர் கைவிட்டோம். ஆயா விடவில்லை. வீட்டுக் கிணறு இருந்தவரை துணியைக் கிணற்றில் அலசிவிடுவது எளிதாய் இருந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் புழல், செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகள் வறண்டு சென்னையே தவித்தபோது எங்கள் கிணறும் காய்ந்தது. லாரித் தண்ணீர் வந்தது. அப்போது ஆயாவுக்கு வயது 94. லாரி ஓட்டுநரை அழைத்து, "தம்பி, இது எந்தக் கிணற்றுத் தண்ணீர்?" என்று கேட்டார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு வயற்கிணறு என்றார் அவர். அடுத்த முறை லாரி வந்தபோது, துணி அலசிய நீரை ஒரு சிறு செம்பில் மூடி, "அந்தக் கிணற்றிலேயே விட்டுவிடு தம்பி" என்று கொடுத்தார். அந்த ஓட்டுநர் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. செம்பை இருக்கைக்கு அருகே வைத்துக்கொண்டு போனார். கிணற்றில் விட்டாரா என்று நான் கேட்டதில்லை. வெறுஞ்செம்பு மட்டும் தவறாமல் திரும்பி வந்தது.

இரவுண்ணாமையிலும் அவர் போக்கு தனியானது. கதிர் சாய்வதற்குள் தம் உணவை முடித்துவிடுவார். என் கணவர் இரண்டாம் ஷிப்டு முடிந்து இரவு பதினொரு மணிக்கு வருவார். வந்த பிள்ளையைப் பட்டினி போட்டதும் இல்லை. விரதத்தை நினைவூட்டிக் குத்திக் காட்டியதும் இல்லை. எழுந்து வந்து தாமே பரிமாறுவார். ஒருமுறை நான் கேட்டதற்கு, "நோன்பு என்னுடையது, பசி அவனுடையது" என்றார். பணி ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என் கணவர் அந்திக்கு முன் உண்ணத் தொடங்கினார், ஒருவரும் சொல்லவில்லை.

இத்தகைய நினைவு உயிரை எவ்வாறு கட்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆயா மீண்டும் வர வேண்டும் என்று அது கேட்பதில்லை. துணியை எடு, நீரை வடிகட்டு, எதிரில் இருப்பவன் பசியைப் பார் என்றுதான் சொல்கிறது.

கன்னட நாட்டின் அத்திமப்பே வரலாறு இவ்விடத்தில் பொருத்தமானது. அவருடைய தந்தையார் மல்லப்பரும் சிற்றப்பர் புன்னமய்யரும் மறைந்த தம் குரு ஜினச்சந்திரரின் நினைவாகப் பொன்னர் என்னும் புலவரைக் கொண்டு சாந்திபுராணம் இயற்றுவித்தனர். நாகதேவன் என்னும் படைத்தலைவனுக்கு அத்திமப்பேயும் அவர் தங்கை குண்டமப்பேயும் மனைவியர். கணவன் இறந்தபோது தங்கை உடன்கட்டை ஏறினாள். அத்திமப்பே ஏறவில்லை, மகனை வளர்த்து நோன்போடு வாழ்ந்தார். சாந்திபுராணம் வழக்கொழிந்து போகாதவாறு 1000 படிகள் எடுப்பித்து வழங்கினார். ரன்னர் 993இல் இயற்றிய அஜிதபுராணம் அவர் ஆதரவில் எழுந்தது. லக்குண்டியில் அவர் எடுப்பித்த ஜினாலயத்தின் கல்வெட்டு 1007ஆம் ஆண்டினது. கணவனை நினைத்துத் தீயில் புகுந்தவளும் நினைத்தாள். ஏடு எழுதுவித்தவரும் நினைத்தார். அச்சுப்பொறி இல்லாத காலத்தில் ஆயிரம் படி என்றால் எத்தனை ஓலை, எத்தனை எழுத்தாணி, எத்தனை பேர் உழைப்பு!

நாங்கள் அத்துணைப் பெரியவர்கள் அல்லேம். ஆயாவின் தகரப் பெட்டியில் நீலக் கோடிட்ட ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருந்தது. ஊரில் கேட்ட தோத்திரங்கள், நோன்பு நாள்களின் குறிப்புகள், அட்டமி சதுர்த்தசிக் கணக்கு, இடையிடையே அரிசி விலை எல்லாம் அவர் கையெழுத்தில் உள்ளன. ஆண்டு நினைவு நாளில் அதனை 50 படிகள் எடுத்து, அம்பத்தூரில் ஞாயிறுதோறும் நடக்கும் சமயப் பாட வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அரிசி விலையை நீக்கிவிடலாமா என்று பெயரன் கேட்டான், வேண்டா என்றேன். வகுப்பில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர், மூன்றாம் பக்கத்தில் ரகரம் வரவேண்டிய இடத்தில் றகரம் போட்டிருக்கிறார்கள்" என்றாள். சரிதான், பிழைதான். அச்சொல்லை அப்படியே விட்டு, எல்லாப் படிகளிலும் ஓரத்தில் பென்சிலால் திருத்தம் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டு அடுத்த தோத்திரத்துக்குப் போனார்கள்.